தடுப்புக்கு இந்தப் பக்கம் நிற்கும் அப்பா, அம்மாக்கள்!

ஐஸ் ஸ்கேட்டிங் வகுப்பில் குழந்தைக்கு முதலில் என்ன சொல்லித் தருவார்கள் தெரியுமா? சறுக்குவதை அல்ல, விழுவதை!

நிஜமாகத்தான். மூன்று, நான்கு வயது வாண்டுகளின் முதல் வகுப்பில் இதுதான் பாடம். முழங்காலை மடக்கு, பக்கவாட்டில் சாய்ந்து இடுப்பு படும்படி விழு. மல்லாக்க விழாதே, தலையில் அடிபடும். விரலை விரித்துத் தரையில் வைக்காதே, அடுத்தவர் பிளேடு ஏறிவிடும், மடக்கி வைத்துக்கொள். விழுந்தாயிற்றா? இப்போது மண்டியிடு. ஒரு பாதத்தை இரண்டு கைகளுக்கு நடுவில் கொண்டுவா. தள்ளி எழுந்திரு. அவ்வளவுதான். மறுபடி விழு!

ஹெல்மெட், கையுறை, வீங்கிப்போன ஜாக்கெட் எனக் குட்டிப் பென்குயின்கள்போல வரிசையாக நின்று, கோச் சொன்னதும் பொத் பொத்தென்று விழும் இந்தப் பிள்ளைகளின் வீடியோக்கள் உங்கள் மொபைலிலும் வந்திருக்கும். நானும் ரசித்துப் பார்ப்பேன். ஆனால், கொஞ்ச நாளாக என் கண் பிள்ளைகள் மேல் நிற்பதில்லை. அவர்களுக்குப் பின்னால், தடுப்புச் சுவருக்கு மேலே இருக்கும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்கிறார்களே, அந்த அப்பா, அம்மாக்களின் முகங்கள்தான் சுவாரஸ்யமாக இருக்கின்றன.

யோசித்துப் பாருங்கள். நம் ஊரில் சைக்கிள் கற்றுக்கொடுக்கும் அப்பா, சீட்டைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை ஓடுவார். 'விட்டுடாதப்பா, விட்டுடாதப்பா' எனப் பிள்ளை கத்தும். அவர் எப்போது விட்டார் என்பதே அதற்குத் தெரியாது. ஐஸில் அந்த வசதியெல்லாம் இல்லை. சாதாரண ஷூவுடன் இறங்கினால் முதலில் விழுவது நீங்கள்தான், இறங்கவும் விடமாட்டார்கள். பிள்ளை விழும். உதடு பிதுங்கும். கோச் இன்னொரு மூலையில் வேறு ஒரு பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருப்பார். நீங்கள் கையில் காபியுடன் சும்மா நிற்க வேண்டும். அதன் கண்கள் கண்ணாடியில் உங்கள் முகத்தைத் தேடும்போது என்ன முகத்தைக் காட்டுவது என்பது மட்டும்தான் உங்கள் கையில் இருக்கிறது.

காலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் அந்த முகங்களின் பதற்றம் இன்னும் புரியும். ஃபிகர் ஸ்கேட்டிங் ஷூவின் பிளேடு சுமார் 4 மில்லிமீட்டர் அகலம்தான். அதன் அடிப்பகுதியும் தட்டையாக இருக்காது. நடுவில் நீளவாக்கில் மெல்லிய பள்ளம், இருபுறமும் கூரான இரண்டு விளிம்புகள். உடம்பை எந்தப் பக்கம் சாய்க்கிறோமோ அந்தப் பக்கத்து விளிம்பு ஐஸைக் கடிக்கும், உடம்பு வளைந்து போகும். போதாததற்கு, பிளேடின் முன்முனையில் ரம்பம்போலப் பற்கள். தாவுவதற்கும் சுழல்வதற்கும் உதவுபவை அவைதான். புதிதாக வரும் பிள்ளையைக் குப்புறத் தள்ளுபவையும் அவைதான்! ஆக, நேராகப் பத்தடி போவதற்குள் அந்தச் சின்ன உடம்பு எத்தனை கணக்குப் போட வேண்டியிருக்கிறது. அந்தப் பத்தடிக்குக் கண்ணாடிக்கு வெளியே கைதட்டல் பறப்பதில் ஆச்சர்யமே இல்லை.

நம் நாட்டில் ஐஸைப் பார்க்கும் வாய்ப்பு குறைவு. சிம்லாவில் 1920-ல் தொடங்கிய திறந்தவெளி ரிங்க் இருக்கிறது. குருகிராமில் ஒரு மாலுக்குள் ஒன்று. டேராடூனில் ஒன்று. நம்மூர்ப் பிள்ளைகளின் ஸ்கேட்டிங் சக்கரத்தில் ஓடுகிறது. அதைக் குறைத்துச் சொல்லவே முடியாது. 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ரோலர் ஸ்கேட்டிங் ரிலேவில் இந்தியப் பெண்கள் அணி வெண்கலம் வாங்கியபோது, அந்த அணியில் தமிழ்நாட்டுப் பெண்கள் இருந்தார்கள். ஆண்கள் ரிலே வெண்கலத்தில் இருந்த ஆனந்த்குமார் வேல்குமார், 2025-ல் சீனாவில் நடந்த ஸ்பீடு ஸ்கேட்டிங் உலக சாம்பியன்ஷிப்பில் தங்கமே வென்றார். விடியற்காலையில் ஸ்கூட்டரின் முன்பக்கம் ஸ்கேட்ஸ் பையை வைத்து, பின்சீட்டில் தூங்கி வழியும் பிள்ளையை உட்காரவைத்துப் போகும் அம்மாக்களைச் சென்னையில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆக, தரை வேறே தவிர, தடுப்புக்கு இந்தப் பக்கம் இருக்கும் மனசு ஒன்றுதான்.

அந்த மனசுக்குள் என்ன ஓடும் என்று தேடியபோதுதான் இரண்டு குடும்பங்களின் கதைக்குள் போய் விழுந்தேன். இரண்டுமே சீனாவிலிருந்து அமெரிக்கா போய்க் குடியேறிய குடும்பங்கள். இரண்டிலும் ஐந்தைந்து பிள்ளைகள்.

முதலாவது, நாதன் சென் குடும்பம். நாதன் கடைக்குட்டி. அவர்கள் வாழ்ந்த சால்ட் லேக் சிட்டியில் 2002-ல் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. அதையொட்டி மூன்று வயதில் ரிங்க்கில் இறங்கிய நாதனுக்கு, முதலில் மாட்டிவிடப்பட்டது அக்காவின் வெள்ளை ஷூ. ஆண் பிள்ளைகள் கறுப்புதான் போடுவார்கள் என்பதெல்லாம் ஐந்து பிள்ளைகள் இருக்கும் வீட்டில் எடுபடுமா? இருக்கிற ஷூவில் கால் நுழைந்தால் போதும். பிறகு நல்ல கோச்சைத் தேடி, அம்மா ஹெட்டி வாங் மகனை காரில் ஏற்றிக்கொண்டு சுமார் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தெற்கு கலிபோர்னியாவுக்குப் போய்வர ஆரம்பித்தார். ஒருமுறை இருமுறை அல்ல, திரும்பத் திரும்ப!

2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில், பதக்கம் நிச்சயம் என எல்லோரும் நினைத்திருந்த நாதன், முதல் சுற்றில் தடுமாறி 17-வது இடத்துக்குப் போனார். அடுத்த சுற்றில் காற்றில் நான்கு முறை சுழலும் தாவலை ஒரே நடனத்தில் ஆறு முறை செய்து, அந்தச் சுற்றில் முதலிடம் பிடித்து, மொத்தத்தில் ஐந்தாவதாக முடித்தார். விழுந்தால் எழு என்ற மூன்று வயதுப் பாடம் இதைவிடப் பெரிய மேடையில் ஒப்பிக்கப்பட்டதில்லை. நான்கு வருடம் கழித்து 2022-ல் தங்கம். எங்கே? பீஜிங்கில், அம்மா வளர்ந்த ஊரில். ஆனால், கொரோனா கட்டுப்பாடுகளால் வெளிநாட்டுப் பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. அத்தனை ஆயிரம் கிலோமீட்டர் கார் ஓட்டிய அம்மாவுக்கு, மகன் தங்கம் வாங்கிய அன்று கண்ணாடிக்கு வெளியே நிற்கும் இடம்கூட இல்லை!

இதை வாசித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தவர் நாகலட்சுமி அம்மா. 2023-ல் பாகு உலகக் கோப்பை செஸ் அரங்கின் ஓரத்தில் நின்று மகன் பிரக்ஞானந்தாவைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் படத்தை மறக்க முடியுமா? செஸ்ஸிலும் ஒரு கண்ணாடி இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

இரண்டாவது குடும்பத்தின் கதை இவ்வளவு இனிப்பானது இல்லை. எனக்கு அதிகம் பிடித்தது இதுதான்.

ஆர்தர் லியூ, 1989 மாணவர் போராட்டத்துக்குப் பிறகு சீனாவைவிட்டு வெளியேறியவர். அமெரிக்காவில் சட்டம் படித்து வழக்கறிஞர் ஆனார். வாடகைத்தாய் மூலம் பிறந்த ஐந்து பிள்ளைகளின் அப்பா. அவர் ஃபிகர் ஸ்கேட்டிங் நட்சத்திரம் மிஷெல் குவானின் தீவிர ரசிகர். மூத்த மகள் அலிசாவுக்கு ஐந்து வயதானபோது ஓக்லாந்து ரிங்க்குக்கு அழைத்துப் போனார். குழந்தை பிடித்துக்கொண்டது. அப்பா அதைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொண்டார்.

2019 ஜனவரியில் அலிசா அமெரிக்காவின் தேசிய சாம்பியன். வயது 13. அந்தப் பட்டத்தை வென்றவர்களிலேயே மிக இளையவர். மேடையின் உயரமான படியில் ஏற முடியாமல், இரண்டாம், மூன்றாம் இடம் வந்த அக்காக்கள் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்கள் என்றால் எவ்வளவு சின்னப் பெண் என்று பார்த்துக்கொள்ளுங்கள். யாரிடம் பயிற்சி, எங்கே தங்குவது, எந்தப் போட்டி என எல்லா முடிவுகளிலும் அப்பாவின் கை இருந்தது.

இந்த இடத்தில் ஆர்தரை வில்லனாக்கிவிட முடியாது. 2022 பீஜிங் ஒலிம்பிக்குக்கு முன்பு, சீன உளவாளிகள் அவரையும் மகளையும் குறிவைத்திருப்பதாக எஃப்.பி.ஐ அவரைத் தொடர்புகொண்டது. மகளுக்கு அங்கே எப்போதும் துணைக்கு ஆட்கள் இருப்பார்கள் என்ற உறுதியைப் பெற்ற பிறகுதான் அனுப்பினார். பயந்துவிடுவாள், கவனம் சிதறிவிடும் என்று விஷயத்தை மகளிடம் சொல்லவே இல்லை. தான் விட்டு ஓடிவந்த நாட்டின் ஐஸில் 16 வயது மகள் ஆடுவதை, கடலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்த அப்பாவின் நெஞ்சு எப்படி அடித்திருக்கும்! அதில் பெருமை எவ்வளவு, பயம் எவ்வளவு என்று யார் பிரிப்பது?

ஒலிம்பிக் முடிந்தது. அடுத்த மாதம் உலக சாம்பியன்ஷிப்பில் வெண்கலம். ஏப்ரலில் அலிசா இன்ஸ்டாகிராமில் ஒரு பதிவு போட்டார். ஓய்வு பெறுகிறேன்!

பதினாறு வயதில். நம் வீட்டுப் பிள்ளை ப்ளஸ் ஒன் படிக்கும் வயதில்.

அதன் பிறகு ரிங்க் பக்கமே அவர் போகவில்லை. ஸ்கேட்டிங் அலுத்துவிட்டது, ரிங்க்கைப் பார்க்கவே பிடிக்காமல் போனது என்று பின்னாளில் பேட்டிகளில் வெளிப்படையாகச் சொன்னார். நண்பர்களுடன் எவரெஸ்ட் அடிவார முகாம் வரை நடந்தார். கல்லூரியில் உளவியல் படிக்கச் சேர்ந்தார். ஐந்து வயதிலிருந்து கிடைக்காத சாதாரண நாள்களை ஒவ்வொன்றாக வாழ்ந்து பார்த்தார்.

எனக்கு இன்னும் குழந்தை இல்லை. பிள்ளைகள் பக்கம் நின்றுதான் இதை எழுதுகிறேன் என்று நீங்கள் சொல்லலாம். இருக்கட்டும். ஆனால், நம் வீடுகளில் ஒரு பேச்சு உண்டு, கவனித்திருக்கிறீர்களா? 'எங்களுக்கு நாளைக்கு மேத்ஸ் எக்ஸாம்.' 'நாங்க ஹிந்தி பிராத்மிக் முடிச்சுட்டோம்.' 'அடுத்த வருஷம் எங்களுக்கு அரங்கேற்றம்.' சொல்வது அம்மா. எழுதுவதும் ஆடுவதும் பிள்ளை. அன்பில் வரும் 'நாங்க'தான், சந்தேகமே இல்லை. அதிகாலையில் எழுந்து டிபன் பாக்ஸ் கட்டி, வண்டி ஓட்டி, வாசலில் காத்திருந்து சம்பாதித்த 'நாங்க' அது. ஆனால் பிள்ளை ஒருநாள், 'எனக்கு இது வேண்டாம்மா' என்று சொன்னால், அந்த 'நாங்க'வில் பாதிப் பேர் எழுந்து போய்விட்டதுபோல ஆகிவிடுகிறது. இத்தனை வருட உழைப்பு, இத்தனை பணம் என்று நாம் கணக்குப் பார்க்க ஆரம்பிப்பது அப்போதுதான்.

ஆர்தர் பார்த்த கணக்கு எப்படி இருந்திருக்கும்? பதினோரு வருட ஐஸ். அதெல்லாம் ஒரே ஒரு இன்ஸ்டா பதிவில் முடிந்தது.

கதை அங்கே முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். 2024 தொடக்கத்தில் அலிசா பனிச்சறுக்குக்குப் போனார். மலைச்சரிவில் வேகமாக இறங்கியபோது பழைய சிலிர்ப்பு திரும்ப வந்தது. சரி, ஐஸில் ஒருமுறை ஏறித்தான் பார்ப்போமே என்று சும்மா ஒரு ரிங்க்குக்குப் போனார். தாவல்கள் மறக்கவில்லை. பழைய கோச்சிடம் திரும்பி வருகிறேன் என்றார். அவர், வேண்டாம் என்று சொல்லித் தடுக்கப் பார்த்தாராம்! அலிசா விடவில்லை. ஆனால், இந்த முறை நிபந்தனைகள் அவருடையவை. எந்தப் பாட்டுக்கு ஆடுவது, என்ன உடை போடுவது, என்ன சாப்பிடுவது, எத்தனை நாள் பயிற்சி எல்லாம் அவரே முடிவு செய்வார். தலைமுடியில் வளையம் வளையமாகச் சாயம் பூசுவது உட்பட! இன்னொரு நிபந்தனையும் இருந்தது. பயிற்சி விஷயத்தில் அப்பா தலையிடக் கூடாது.

இதைக் கேட்கும் அப்பாவுக்கு எப்படி இருந்திருக்கும்? வலித்திருக்கும். நம் ஊராக இருந்தால், 'ஏறி வந்த ஏணியை எட்டி உதைக்கிறா பாரு' என்று ஊரே பேசியிருக்கும். ஆர்தர் ஒப்புக்கொண்டார். முதல் நாள் வகுப்பில் எல்லா அப்பாக்களும் நிற்கும் இடத்துக்கு, தடுப்புக்கு வெளியே, பதினான்கு வருடம் கழித்துப் போய் நின்றார்.

2025 மார்ச், பாஸ்டன் உலக சாம்பியன்ஷிப். அலிசா ஆடியது டோனா சம்மரின் பழைய டிஸ்கோ பாட்டுக்கு. பயத்தின் சாயலே இல்லாத ஆட்டம். சிரித்துக்கொண்டே தாவினார், சிரித்துக்கொண்டே இறங்கினார். மொத்த அரங்கும் எழுந்து நின்றது. தொடர்ந்து மூன்று முறை பட்டம் வென்றிருந்த ஜப்பானின் கவோரி சகமோட்டோவை முந்தித் தங்கம். அமெரிக்கப் பெண் ஒருவருக்கு 2006-க்குப் பிறகு கிடைத்த முதல் உலகப் பட்டம் அது. அந்த வீடியோவை இதுவரை ஒரு பத்து முறையாவது பார்த்திருப்பேன். ஃபிகர் ஸ்கேட்டிங் பற்றி ஒன்றும் தெரியாதவர்களும் அதில் அந்தப் பெண்ணின் முகத்தை மட்டுமாவது பாருங்கள்.

சரி, ஒலிம்பிக்கும் உலகப் பட்டமும் எத்தனை பேருக்கு வாய்க்கும்? உலகம் முழுக்க ரிங்க்குகளில் சறுக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோர் நாலைந்து குளிர்காலம் ஆடிவிட்டு வேறு வேலை பார்க்கப் போகிறவர்கள்தான். அவர்களின் அம்மாக்கள் என்ன நினைக்கிறார்கள்? மதுரையில் பிறந்து வளர்ந்து, இப்போது டொரன்டோவில் இருக்கும் ஓர் அக்காவிடம் வீடியோ காலில் பேசினேன். ஏழு வயது மகன் 'கேன்ஸ்கேட்' வகுப்பில் இருக்கிறான். கனடா முழுக்க நடக்கும் பயிற்சித் திட்டம் அது. ஆறு நிலைகள். ஒவ்வொரு நிலையிலும் சமநிலை, கட்டுப்பாடு, சுறுசுறுப்பு என மூன்று பிரிவுகள். பிரிவுக்கு ஒரு ரிப்பன், நிலை முடிந்தால் பேட்ஜ். அக்கா வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் மீனாட்சி அம்மன் காந்தப் படத்துக்குக் கீழே ரிப்பன்கள் தொங்குகின்றன.

"நான் இன்னைக்கு வரைக்கும் ஐஸ்ல ஒரு காலை வெச்சதில்லம்மா. முதல் நாள் அவன் விழுந்துட்டு என்னையே பார்த்தான் பாரு... எனக்குக் கண்ணு முட்டிருச்சு. நான் அழறதைப் பார்த்து அவனும் அழ ஆரம்பிச்சுட்டான். கோச் வந்து, 'கொஞ்சம் மேல போய் உட்காருங்க'ன்னு பதவிசா சொல்லிட்டாங்க. ஊர்ல எங்கம்மாவுக்கு வீடியோ அனுப்புனா, 'பிள்ளை விழுந்து கிடக்கு, நீ படம் பிடிச்சுட்டு நிக்குற, போய்த் தூக்க மாட்டியா'ன்னு எனக்குத்தான் திட்டு!" என்று சிரித்தார்.

எந்த நாளில் ரொம்பப் பெருமையாக இருந்தது என்று கேட்டேன். ரிப்பன் வாங்கிய நாளைச் சொல்வார் என்று நினைத்தேன்.

"ஒரு சனிக்கிழமை. ஒத்தக்கால்ல சறுக்கணும். அந்தக் கோடியில இருந்து இந்தக் கோடி வரைக்கும் வந்துட்டான். நான் மேல இருந்து கையைத் தூக்கிட்டு நிக்குறேன், திரும்பிப் பார்ப்பான்னு. அவன் பார்க்கவே இல்ல. பக்கத்துல இருந்த பையன்கிட்ட என்னமோ சொல்லிச் சிரிச்சுட்டு அடுத்த ரவுண்டுக்குப் போயிட்டான். தூக்குன கையை என்ன பண்றதுன்னு தெரியல எனக்கு. அன்னைக்குத்தான்."

ஃபிகர் ஸ்கேட்டிங்கில் மகனைப் பெரிய ஆளாக்கும் திட்டம் ஏதாவது இருக்கிறதா என்றேன். பெருமூச்சு விட்டார். போன வாரம்தான் மகன் அறிவித்தானாம், இனி ஹாக்கி என்று! ஹாக்கி ஷூவில் முன்முனைப் பல் கிடையாது. பிளேடின் வளைவும் வேறு. பழையதை வைத்துச் சமாளிக்க முடியாது.

"புது ஷூ, கால்ல கட்டுற பேடு, ஸ்டிக்குனு லிஸ்ட் போட்டுக் குடுத்திருக்கான். பழைய ஷூ நல்லாத்தான் இருக்கு, ஒரு சீசன் போட்டதுதான். இங்க யாராவது தெரிஞ்சவங்க வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருந்தா சொல்லும்மா, குடுத்துடலாம்" என்றவர், ஹாக்கி வகுப்பு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு என்பதை அப்போதுதான் மொபைலில் பார்த்துவிட்டு, "ஐயோ" என்றார்.